சுடாத கால்

கெமாஸ்
3 ஜூன் 2024

அண்ணனுக்குத் தங்கை தனலெட்சுமி எழுதுவது.

கிழித்துப் போடுவதற்கு முன் இந்த ஒரு பக்கத்தையாவது படியுங்கள். போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். புஷ்பவள்ளி அண்ணியைக் கூப்பிட்டால், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "அவகிட்ட நான் பேச மாட்டேன்னு சொல்லு" என்று சொல்வது எனக்கே கேட்கிறது. வேறு வழியில்லாமல்தான் தபால்காரரை நம்பினேன்.

தீமிதி அன்று நான் பேசியது தப்பு. நெருப்பிலிருந்து ஏறி வந்த உங்களுக்குக் கோயில் தலைவர் மாலை போட்டார். "நெருப்புல எறங்குன மாதிரியே இல்ல. பச்சப் புல்லுல நடந்த மாதிரி இருந்துச்சு" என்று நீங்கள் சொன்னதும் தோட்டமே கைதட்டியது. நான் மட்டும் உங்கள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு வருடமாகக் கிளினிக்கில் புண் கட்டும் அறையில் வேலை செய்கிறேன். ஆணி ஏறியது தெரியாமல் இரண்டு நாள் நடந்துவிட்டு, "வலிக்கவே இல்ல லா" என்று சிரித்துக்கொண்டே காலை நீட்டுகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். அதனால் வாய் முந்திக்கொண்டது. "அண்ணே, அது அருள் இல்ல, ஒங்க கால் மரத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த மைக் அணைக்கப்படவில்லை என்பது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

மன்னிப்பு கேட்டாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் இடது பாதத்தில் இரண்டு கொப்புளம் இருந்தது. நீங்கள் அதை மிதித்துக்கொண்டே நின்றீர்கள். நடக்கும்போது செருப்பு கழன்று போவதுகூட உங்களுக்குத் தெரிவதில்லை என்று அண்ணி சொன்னார். பின்னால் வருகிறவர்கள் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுக்கிறார்களாம். இது இனிப்பு நீர்தான். எனக்குச் சந்தேகமே இல்லை. ரத்தம் சோதியுங்கள், சோற்றைக் குறையுங்கள்.

தனம்


லிங்கி
19 ஜூன் 2024

தனலெட்சுமிக்கு,

உன்னோடு வாய் திறந்து பேசுவதில்லை என்று மாரியம்மன் சன்னிதியில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. பூசாரி அர்ச்சுனனிடம் கேட்டேன். "எழுதுனா சத்தியம் கெடாது" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நான் இருபத்தெட்டு வருடம் இந்தச் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிச் சம்பாதித்த பேர் 'டிராக்டர் சன்னாசி'. நீ ஒரு நிமிடத்தில் வாங்கிக் கொடுத்த பேர் 'மரத்த காலு'. நேற்று பனங்குலை பொறுக்க வந்த பங்களாதேஷ் பையன்கள்கூட அப்படிக் கூப்பிடுகிறார்கள். அர்த்தம் தெரியாமலே கூப்பிடுகிறார்கள், அதுதான் கொடுமை.

ரத்தம் சோதித்தாயிற்று. வெறும் வயிற்றில் சீனி 5.1. அந்தத் தாளை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், உன் புண் கட்டும் அறையில் ஒட்டிக்கொள். தாதி சொன்னாள், "அங்கிள், இந்த வயசுல இப்படிச் சீனி அளவா இருக்கறவங்க நூத்துல ஒருத்தர்." வெளியே வந்ததும் வெல்லத் தேங்காய் வைத்த கோச்சி பலகாரம் நான்கு வாங்கித் தின்றேன். உன் அண்ணிக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

செருப்பு கழல்வது செருப்பின் குற்றம். கால் கொஞ்சம் விறைப்பாக இருப்பது உண்மை. மதியத்துக்கு மேல் நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே பெல்ட்டை இழுத்துக் கட்டியது போல இருக்கிறது. படுத்தால் சரியாகிவிடுகிறது. ஐம்பத்து நான்கு வயதுக்காரனுக்கு இதுகூட இல்லாவிட்டால் எப்படி?

இன்னொன்று. என்னுடையது மூன்று வருட வேண்டுதல். இரண்டு வருடம் இறங்கியாயிற்று. அடுத்த வருடமும் இறங்குவேன். யார் மைக் பிடித்தாலும் சரி.

சன்னாசி


கெமாஸ்
2 ஜூலை 2024

அண்ணே,

5.1ஐப் பார்த்தேன். நான் தோற்றேன். என் வீட்டுக்காரர் அதைக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்து, போகும்போதும் வரும்போதும் எனக்குச் சல்யூட் அடிக்கிறார்.

ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. சீனியாக இருந்தால் மாத்திரை இருக்கிறது. சீனி இல்லாமல் ஏன் மரத்துப்போகிறது? எனக்காக ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். இரண்டு பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் வையுங்கள். ஒன்றில் ஐஸ், ஒன்றில் கை பொறுக்கிற சுடுதண்ணீர். கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு காலை விடுங்கள். எது எது என்று பத்துத் தடவை சொல்லுங்கள். அண்ணி எழுதட்டும். பத்தும் சரியாகச் சொல்லிவிட்டால், அடுத்த திருவிழாவில் அதே மைக்கில் உங்கள் காலில் விழுந்து மன்னிப்பு கேட்கிறேன்.

தனம்


லிங்கி
21 ஆகஸ்டு 2024

தனலெட்சுமிக்கு,

பேசின் சோதனையில் நான்கு சரி, ஆறு தப்பு. அந்த நான்கும் குருட்டடி. உன் அண்ணி பேசினை மாற்றி மாற்றி வைத்து ஏமாற்றினாள் என்றுதான் முதலில் சண்டை போட்டேன். பிறகு நானே கையை விட்டுப் பார்த்தேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். குறுக்கே பேசாதே.

ரெம்பாவில் உருவி விடுகிற ஒருவரிடம் மூன்று வாரம் போனேன். எண்ணெய் வாசனை நன்றாக இருந்தது. பிறகு ஒரு தனியார் நிலையத்தில் இடுப்பை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். வயதுக்கேற்ற தேய்மானம், வேறொன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளையும் உனக்கு அனுப்ப உறை வாங்கி வைத்தேன்.

போன வியாழக்கிழமை, குலை கொட்டும் மேடைக்கு டிராக்டரைக் கொண்டுபோனேன். பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தேன். கால் அதற்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. மேடையில் மோதி நின்றது. ஆளுக்கு அடியில்லை. நான்கு குலையும் ஒரு கோழியும்தான். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் புனிதன், நான் வேலை சொல்லிக் கொடுத்த பையன், கையை நீட்டினான். சாவியைக் கொடுத்துவிட்டேன்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். முருங்கைக்காய் எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சொல்.

சன்னாசி


கெமாஸ்
29 ஆகஸ்டு 2024

அண்ணே,

குறுக்கே பேசவில்லை. கோழிக்காக மட்டும் வருத்தப்படுகிறேன்.

எங்கள் கிளினிக் டாக்டரிடம் உங்கள் முதல் கடிதத்தையே காட்டினேன். செருப்பு, விறைப்பு என்று கேட்டுக்கொண்டே வந்தவர், பெல்ட் கட்டியது போல இருக்கிறது என்ற இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கோளாறு இடுப்பில் இல்லை, அதற்கு மேலே நடுமுதுகில் இருக்கலாம் என்கிறார். நீங்கள் படம் எடுத்தது இடுப்பை. கூரை ஒழுகுகிற வீட்டில் தரையைப் படம் பிடித்திருக்கிறோம்.

கோலாலம்பூரில் நீலாவதி என்று ஒரு நரம்பு அறுவை டாக்டர் இருக்கிறார். செப்டம்பர் 17, காலை ஒன்பது மணிக்கு உங்கள் பெயர் பதிந்தாயிற்று. அண்ணியோடு போங்கள். நான் வந்தால் பேசிவிடுவீர்கள், சத்தியம் கெட்டுவிடும். அதனால் வரவில்லை. முருங்கைக்காய் எங்கும் போய்விடாது.

தனம்


லிங்கி
8 அக்டோபர் 2024

தங்கச்சி தனத்துக்கு,

இனிமேல் என்னை மரியாதையாகக் கூப்பிடு. உன் அண்ணன் சாதாரண நோயாளி இல்லை. டாக்டர் நீலாவதி இதைப்போல் தன் அனுபவத்தில் ஐந்தாறு பேரைத்தான் பார்த்திருக்கிறாராம். படிக்கிற பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் முழங்காலைத் தட்டக் கொடுத்தேன். தட்டினால் கால் உதை போடுகிறது. அப்படித் துள்ளக்கூடாதாம். ஒரு பையன் நகர்வதற்குள் வாங்கிக்கொண்டான்.

அந்த அம்மா முதலில் ஸ்பிரிட் பஞ்சை எடுத்துக் கால்விரலிலிருந்து மேலே தடவிக்கொண்டே வந்தார். "ஐயா, ஜில்லுனு எங்க தெரியுதோ அங்க சொல்லுங்க." முழங்கால், தொடை, வயிறு எதிலும் இல்லை. தொப்புளுக்கு நான்கு விரல் மேலேதான் திடுக்கென்று ஜில்லிட்டது. அங்கே பேனாவால் கோடு போட்டார். அந்தக் கோட்டை வைத்து முதுகில் எந்த எலும்பைப் படம் எடுப்பது என்று சொல்லிவிட்டார். எனக்கு அதுதான் ஆச்சரியம்.

கோளாறு என்னவென்றால், நம் முதுகெலும்புக்குள் ஒரு குழாய் இருக்கிறது. அதற்குள் தண்டுவடம் தண்ணீரில் மிதக்கிறது. தண்ணீரைச் சுற்றி ஓர் உறை. என் உறையில் ஊசிமுனை அளவு ஓட்டை. அது வழியாகத் தண்ணீர் வெளியே பிதுங்கிப் பை போல நின்றுவிட்டது. உள்ளே போன தண்ணீர் திரும்பி வருவதில்லை. பை பெருத்துப் பெருத்துத் தண்டுவடத்தை ஒரு பக்கமாக நெருக்குகிறது. நிற்கும்போது அதிகம், படுத்தால் குறைவு. நீர்க்கட்டிதான், புற்று இல்லை என்று மூன்று தடவை சொன்னார். பையிலும் அதே தண்ணீர், சுற்றிலும் அதே தண்ணீர் என்பதால் படத்தில் சட்டென்று தெரியாதாம். தண்டுவடம் வளைந்திருப்பதைக் காட்டினார். பிறகு இடுப்பில் சாயம் ஏற்றி, மேசையைச் சாய்த்து, சாயம் எந்த இடத்தில் பைக்குள் நுழைகிறது என்று ஓட்டையையும் கண்டுபிடித்துவிட்டார்.

முதுகைத் திறந்து பையை எடுத்து ஓட்டையைத் தைத்துவிடலாம் என்கிறார். தள்ளிப்போட்டால் ஒரு நாள் சக்கர நாற்காலிதான், அதன் பிறகு தைத்தாலும் கால் திரும்பும் என்று சொல்ல முடியாது என்கிறார். நவம்பரில் செய்யலாம் என்றார்.

முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். முதுகைக் கிழித்தால் மே மாதம் நெருப்பில் இறங்க விடமாட்டார்கள். திருவிழா முடியட்டும். மறுநாளே போய்ப் படுக்கிறேன்.

சன்னாசி


கெமாஸ்
14 அக்டோபர் 2024

அண்ணே,

அண்ணி அழுதுகொண்டே போன் செய்தார். குளியலறையில் முகத்துக்குச் சோப்புப் போடக் கண்ணை மூடியதும் விழுந்தீர்களாம். இரண்டாவது தடவையாம். எனக்கு எழுதிய நான்கு பக்கத்தில் அதற்கு இடம் இல்லை.

மாடியா கட்டப் போகிறீர்கள், அமைச்சராகவா போகிறீர்கள்? காலைக் கொடுத்து வாங்குகிற அளவுக்கு அது என்ன வேண்டுதல்? ஒரே வரியில் பதில் எழுதுங்கள். இல்லாவிட்டால் நானும் சூடம் அணைப்பேன்.

தனலெட்சுமி


லிங்கி
20 அக்டோபர் 2024

தனம்,

நிறைவேறும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பார்கள். சொல்ல வைத்துவிட்டாய்.

2021 ஜூலையில் நீ கோவிட் வந்து ஐ.சி.யு.வில் குழாய் மாட்டிக் கிடந்தாய். ஆஸ்பத்திரி வாசலில்கூட நிற்க விடவில்லை. கோயிலும் பூட்டியிருந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, அவளத் திருப்பிக் குடு. மூணு வருசம் ஒன் நெருப்புல எறங்குறேன்" என்று கேட்டேன். பதினொன்றாம் நாள் நீ கண் திறந்தாய். 2023இல் திருவிழா மறுபடி தொடங்கியதும் இறங்கினேன். இரண்டு முடிந்தது, ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு நான் போய் மேசையில் படுத்து, உனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

நீ மைக்கில் சொன்னது அதனால்தான் பொறுக்கவில்லை. கால் மரத்துப்போனதால்தான் சுடவில்லை என்றால், ஆத்தா என் வேண்டுதலை ஏற்கவே இல்லை என்று ஆகிறது. ஏற்காமல் உன்னை எப்படி விட்டு வைத்திருக்கிறாள்? எப்போது திருப்பிக் கேட்பாள்? இதை யோசித்து யோசித்து எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணன்


கெமாஸ்
25 அக்டோபர் 2024

அண்ணே,

உங்கள் கடிதத்தைப் புண் கட்டும் அறையில் வைத்துப் படித்துத் தொலைத்தேன். கட்டு மாற்ற வந்த ஒரு மலாய்க் கிழவர் தன் காலை மறந்துவிட்டு எனக்கு டிஸ்யூ எடுத்துக் கொடுத்தார். மூன்று வருடமாக நான் உங்களைக் கஞ்சன், வறட்டு வீம்புக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போதும் வீம்புக்காரர்தான். ஆனால் நான் இனிமேல் அதை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

நான் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் கால் சுட்டிருந்தால் மாலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பீர்கள். நான் மைக்கில் உளறியிருக்க மாட்டேன். நீங்கள் என்னைத் தோற்கடிக்க ரத்தம் சோதித்திருக்க மாட்டீர்கள். பேசினில் கால் விட்டிருக்க மாட்டீர்கள். பை பாட்டுக்குப் பெருத்திருக்கும். ஏற்காதவளா இவ்வளவும் காட்டிக் கொடுத்தாள்? இதைவிடத் தெளிவாக அவள் சொல்ல வேண்டுமென்றால் அவளும் மைக்தான் பிடிக்க வேண்டும்.

பூசாரி அர்ச்சுனனிடம் பேசிவிட்டேன். "எறங்க முடியாதவங்க பாலு எடுத்துக்கிட்டுக் குழியச் சுத்தி வரலாம்மா. மூணு சுத்து. அதுவும் எறங்குன மாதிரிதான்" என்றார். பெண்கள் மட்டும்தானே சுற்றுவார்கள் என்று மூக்கைச் சுளிப்பீர்கள் என்று தெரியும். அதையும் கேட்டேன். ஆண்களுக்குத் தடை இல்லையாம், வெட்கம்தான் தடையாம். எனக்காக நேர்ந்தது என்பதால் நானும் விரதம் இருந்து உங்களுக்கு முன்னால் சுற்றுகிறேன்.

ஆனால் சுற்றுவதற்கு நடக்க வேண்டும், அண்ணே. டாக்டரிடம் தேதி கேட்டிருக்கிறேன். ஜனவரி 9. நான் வருவேன். நீங்கள் பேசாவிட்டால் பரவாயில்லை.

தனம்


கோலாலம்பூர், ஆஸ்பத்திரி
15 ஜனவரி 2025

தங்கச்சிக்கு,

தாதியிடம் பேனா வாங்கி, பக்கவாட்டில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் முதுகைக் குற்றம் சொல். ஐந்து நாள் தட்டையாகப் படுக்க வைத்தார்கள். தலையைத் தூக்கினால் இடி இடித்தது. இப்போது இல்லை. ஓட்டை அடைபட்டுவிட்டது, இரண்டு தையல்தான் என்று டாக்டர் அம்மா விரலால் அளவு காட்டினார். பையைப் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்களாம். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "தனம், பயமா இருக்கு" என்று சொன்னேனாம். மயக்க ஊசி போட்ட பிறகு பேசியது சத்தியத்தில் சேராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊசி போடுவதற்கு முன்னாலேயே சொன்னேன் என்கிறாள் உன் அண்ணி. சரி, கெட்டது கெட்டதுதான். ஆத்தாவுக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றிச் சமாளித்துக்கொள்ளலாம். நேற்றுப் போனில் ஒரு மணி நேரம் பேசினோம், பிறகும் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீதான் பேசுகிறாய்.

இன்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு பதினோரு அடி நடந்தேன். கால் இன்னும் என் கால் மாதிரி இல்லை. உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல மட்டும் இருக்கிறது. நரம்பு விழிக்கும்போது அப்படித்தான் இருக்குமாம். சூடு, குளிர்ச்சி திரும்புமா என்றால், திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், பொறுத்திருங்கள் என்கிறார். பன்னிரண்டு பேரும் இன்றைக்கும் வந்தார்கள். உதை வாங்கிய பையன் மட்டும் தள்ளி நின்றான்.

அண்ணன்


கெமாஸ்
13 மே 2025

அண்ணே,

ஞாயிற்றுக்கிழமை என் மூன்று சுற்றும் முடிந்த கையோடு கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன். உங்களோடு சரியாகப் பேசவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு மூன்று சுற்றும் முடித்துவிட்டீர்கள் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

ஆனால் கடைசிச் சுற்றில் எனக்குப் பின்னால் பெரிய சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று பூசாரி சொல்லியிருந்தார், பார்க்கவில்லை. உங்களுக்குச் சாமி வந்துவிட்டது என்கிறார்கள். நம் பரம்பரையில் யாருக்கும் வந்ததில்லை. விழுந்தீர்களா? வலியா? அண்ணியைக் கேட்டால் சிரிக்கிறார். என்னிடம் மறைக்காதீர்கள்.

தனம்


லிங்கி
18 மே 2025

தனம்,

உனக்கு மட்டும் சொல்கிறேன். மைக் பக்கத்தில் இருக்கும்போது படிக்காதே.

முதல் சுற்றில் வெட்கம். பாற்குடம் எடுத்த பெண்கள் முப்பது பேருக்கு நடுவில் சின்னச் செம்போடு ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். "சன்னாசி, சேல எங்கப்பா?" என்று வேடிக்கை பார்க்க வந்த தர்மேந்திரன் கத்தினான். இரண்டாவது சுற்றில் முதுகு இழுத்தது, தடியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

மூன்றாவது சுற்றில், குழியின் கிழக்குப் பக்கம், தணலை வாரி இழுத்த இடத்தில் மண் கொதித்துக் கிடந்தது. பெண்கள் எல்லாரும் விலகிப் போனார்கள். நான் கவனிக்காமல் இடது காலை வைத்துவிட்டேன்.

சுட்டது.

காலை எடுத்துவிட்டேன். நிஜம்தானா என்று பார்க்க மறுபடியும் அதே இடத்தில் வைத்தேன். மறுபடியும் சுட்டது. அப்புறம் என்னால் முடியவில்லை. செம்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று குழந்தை மாதிரி அழுதேன். உடம்பெல்லாம் நடுங்கியது. அதைப் பார்த்துத்தான் சாமி வந்துவிட்டது என்று உறுமி மேளத்தைக் கிட்டே கொண்டுவந்து அடித்தார்கள். அர்ச்சுனன் என் நெற்றியில் திருநீறு பூசி, "ஆத்தா, என்ன கொற வச்சோம்? சொல்லு தாயி" என்று கேட்டார்.

"சுடுது" என்றேன்.

"ஆத்தாளுக்குச் சுடுதாம்! குளுர வைங்கடா!" என்று தோட்டமே கத்தியது. மூன்று குடம் மஞ்சள் தண்ணீரைத் தூக்கி என் தலையில் ஊற்றினார்கள். நான் தலையைக் குனிந்து காட்டினேன். தலை, நெஞ்சு, டாக்டர் அம்மா பேனாவால் கோடு போட்ட இடம் எல்லாம் தாண்டித் தண்ணீர் இறங்கியது. கால் விரல்வரைக்கும் குளிர்ந்தது, தனம்.

அண்ணன்